விடை தேடும் வாசிப்பு: சீனத்தின் காவ்காவ் தேர்வில் ஆங்கிலம்

2024 ஜூன் 8, பிற்பகல். சீனத்தின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவில் ஆங்கிலத் தாள். தேசிய அளவில் தயாராகும் தாள்களில் ‘புதிய பாடத்திட்ட முதல் தாள்’ என்று சொல்லப்படுவதில், மூன்றாவதாக வந்த உரைப்பகுதி வாசிப்பைப் பற்றியதாகவே இருந்தது. தாளில் படிப்பதும் திரையில் படிப்பதும் ஒரே அளவுக்குப் பயன் தருமா என்று அது கேட்டது. அமெரிக்க மொழியியலாளர் நவோமி பேரன் எழுதிய கட்டுரையைச் சுருக்கித் தேர்வுக்கு ஏற்றபடி அமைத்திருந்தார்கள். பல நூறு சொற்களுக்கு மேல் நீளும் உரை என்றால் அச்சில் படிப்பவர்களுக்கே பெரும்பாலும் அதிகம் மனதில் தங்குகிறது என்றது அந்தப் பகுதி. கூடவே இன்னொன்றையும் சொன்னது. உரையின் மையக் கருத்து எது என்று சுட்டும் எளிய வேலையில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரிவதில்லை. உரை வெளிப்படையாகச் சொல்லாததை ஊகித்து எடுக்க வேண்டிய வேலையில்தான் அது பளிச்சென்று தெரிகிறது.

அந்தப் பகுதியின் கீழே நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு தெரிவுகள். ஒரு சரியான விடைக்கு 2.5 மதிப்பெண்.

மையக் கருத்தைச் சுட்டுவது ஒரு வேலை, சொல்லாததை ஊகிப்பது வேறு வேலை என்று அந்த உரைப்பகுதி பிரித்த இடத்தில்தான் சீனத்தின் ஆங்கிலத் தேர்வு கடந்த நாற்பது ஆண்டுகளாக நிற்கிறது என்று நினைக்கிறேன். வினாத்தாள் தயாரிப்பவர்கள் மாணவர்களிடம் எதிர்பார்ப்பது இரண்டாவது வேலையை. அந்தத் தேர்வுக்காக வகுப்பறையில் நடக்கும் பயிற்சி, பெரும்பாலும், முதல் வேலையை வேகமாகச் செய்து முடிக்கும் பயிற்சி. வகுப்பறையை மாற்றுவதற்காகத் தேர்வை மாற்றினார்கள். மாறி வந்த தேர்வை வகுப்பறை மறுபடியும் பயிற்சித்தாளாக்கியது. ஒருமுறை இல்லை, பலமுறை.

தாளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் மாணவர்கள் ஏன் இப்படிப் படிக்கிறார்கள் என்பது விளங்கும். காவ்காவின் மொத்த மதிப்பெண், பெரும்பாலான இடங்களில், 750. சீன மொழி, கணிதம், அந்நிய மொழி மூன்றுக்கும் தலா 150. அந்நிய மொழியாக ருஷ்யன், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகியவற்றையும் எடுக்கலாம். ஆனால் மிகப் பெரும்பாலானோர் எடுப்பது ஆங்கிலம். அதில் கேட்டுப் புரிதலுக்கு 30, மொழிப் பயன்பாட்டுக்கு 30, எழுதுவதற்கு 40. மிச்சமுள்ள 50 வாசிப்புக்கு. நான்கு உரைப்பகுதிகள், அவற்றில் 15 கேள்விகள். பிறகு ஐந்து இடங்களில் வாக்கியம் உருவிய ஒரு கட்டுரை. கீழே தரப்பட்ட ஏழு வாக்கியங்களிலிருந்து ஐந்தைப் பொறுக்கி உரிய இடத்தில் பொருத்த வேண்டும். முதல் உரைப்பகுதி அநேகமாக ஒரு விளம்பரமோ அறிவிப்போ அட்டவணையோ: அருங்காட்சியகக் கட்டணம், சுற்றுலா நேரங்கள், தொண்டர்களுக்கு அழைப்பு. இரண்டாவது ஒரு மனிதரின் கதை. மூன்றாவதும் நான்காவதும் நூல் அறிமுகம், அறிவியல் ஆய்வு என்று போகும். நான்காவதுதான் கடினம் என்பது மாணவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

‘வாசிப்பு யார் கையிலோ, வெற்றி அவர் கையில்’ என்ற பொருளில் சீன ஆங்கில ஆசிரியர்களிடையே ஒரு வழக்கு உண்டு. எண்களைப் பார்த்தால் அது மிகையாகத் தோன்றாது. 2024இல் காவ்காவுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். மாகாண வாரியாகத் தரவரிசை போடுகிறார்கள். பெரிய மாகாணங்களில் ஒரே மதிப்பெண்ணில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நிற்பது உண்டு. ஒரு மதிப்பெண் கூடினால் ஆயிரம் பேரை முந்தலாம் என்று வகுப்பறைச் சுவர்களில் எழுதி ஒட்டுகிறார்கள். அப்படியானால் ஒரு வாசிப்புக் கேள்வியின் 2.5 மதிப்பெண் எத்தனை பேருக்குச் சமம் என்று கணக்குப் போடும் பதினேழு வயதுப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பயிற்சி இப்படி நடக்கிறது. மேனிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டில் புதுப் பாடம் அநேகமாக இருக்காது. ஆண்டு முழுவதும் முதல் சுற்றுத் திருப்புதல், இரண்டாம் சுற்றுத் திருப்புதல், பிறகு மாதிரித் தேர்வுகள். ‘ஐந்தாண்டு காவ்காவ், மூன்றாண்டு மாதிரி’ என்ற தலைப்பில் பாட வாரியாக வரும் தடித்த வினாத்தொகுப்பு நாடு முழுவதும் பரிச்சயம். இரவு நேரப் படிப்பு வகுப்பில் ஒரே அமர்வில் இரண்டு, மூன்று உரைப்பகுதிகளைக் கடிகாரம் வைத்து முடிப்பார்கள். தவறிய கேள்விகளை வெட்டி ஒட்டி, ஏன் தவறியது என்று பக்கத்தில் எழுதி வைக்க ஒவ்வொருவரிடமும் ஒரு தவறு நோட்டு இருக்கும். அதில் தவறுகளுக்குக் காரணம் எழுதுவதற்கும் ஆசிரியர்கள் வகை பிரித்துத் தந்திருக்கிறார்கள். உரையில் இல்லாததைச் சொல்லும் தெரிவு ஒரு வகை. ஒரு பகுதிக்குப் பொருந்துவதை முழுமைக்கும் ஏற்றிச் சொல்வது இன்னொன்று. ஒருவர் செய்ததை வேறொருவர் தலையில் கட்டுவது மூன்றாவது. கருத்தைச் சத்தமில்லாமல் மாற்றி வைப்பது நான்காவது. கேள்விகளும் நான்கு வகை: விவரம், ஊகம், மையக் கருத்து, சொற்பொருள். கேள்வியை முதலில் படி, அதிலுள்ள முக்கியச் சொல்லைப் பிடி, அந்தச் சொல் உரையில் எங்கே வருகிறதோ அங்கே போ, முன்னும் பின்னும் ஓரிரு வாக்கியம் பார், தெரிவுகளோடு ஒப்பிடு. இதுதான் முறை.

இந்த முறை ஒன்றும் வீண் இல்லை. 2023ஆம் ஆண்டின் அதே முதல் தாளை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது உரைப்பகுதி ‘டிஜிட்டல் மினிமலிசம்’ என்ற நூலின் முன்னுரையிலிருந்து வந்தது. அதில் ‘டிக்லட்டர்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடிட்டு, பொருள் என்ன என்று கேட்டிருந்தார்கள். பாடத்திட்டச் சொற்பட்டியலை மட்டும் படித்த மாணவருக்கு அது புதுச் சொல். ஆனால் அடுத்த வாக்கியமே அந்த முறையை விளக்குகிறது: கட்டாயம் தேவைப்படாத இணையச் செயல்பாடுகளை முப்பது நாள் விட்டு விலகி இருப்பது, பிறகு நன்கு தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் மீண்டும் சேர்த்துக்கொள்வது. ஒதுக்கிச் சுத்தம் செய்வது என்ற தெரிவுக்குப் போய்ச் சேர அது போதும். அதே பகுதியில் இன்னொரு கேள்வி, நூலின் நோக்கம் என்ன என்பது. சரியான தெரிவு, எளிமையான டிஜிட்டல் வாழ்க்கை முறையை ஆதரிப்பது. உரையில் அந்தச் சொற்கள் அப்படியே வருவதில்லை. உரை சொன்னதை வேறு சொற்களில் சொன்னால் அடையாளம் தெரிகிறதா என்றுதான் சோதிக்கிறார்கள். உரையின் சொற்களை அப்படியே தூக்கி வைத்திருக்கும் தெரிவைப் பார்த்தால் சந்தேகப்படு என்று ஆசிரியர்கள் கற்றுத் தருவதும் இதனால்தான். அந்நிய மொழி படிப்பவருக்கு இது உண்மையாகவே உதவும் பழக்கம்.

முறை தடுமாறுவது நான்காவது உரைப்பகுதியில். அந்த ஆண்டு அது பிரான்சிஸ் கால்ட்டனைப் பற்றியது. 1907 மார்ச் 7 அன்று அந்த ஆங்கிலேயப் புள்ளியியலாளர் வெளியிட்ட சிறு கட்டுரையிலிருந்து ‘கூட்டத்தின் அறிவு’ என்ற கருத்து எப்படி வந்தது என்று அது தொடங்குகிறது. ஒரு கால்நடைக் கண்காட்சியில் மாட்டின் எடையை மக்கள் ஊகித்துச் சொன்னதைத் தொகுத்து கால்ட்டன் எழுதியது அந்தக் கட்டுரை. உரைப்பகுதியின் இரண்டாம் பத்தி காரணத்தை விளக்குகிறது. ஆளுக்கு ஆள் தவறு செய்கிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரே தவறைச் செய்வதில்லை. சிலர் கூட்டிச் சொல்கிறார்கள், சிலர் குறைத்துச் சொல்கிறார்கள். சராசரி எடுக்கும்போது தவறுகள் ஒன்றையொன்று அடித்துப் போய்விடுகின்றன. எல்லாரும் ஒரே மாதிரிச் சிந்தித்து ஒரே தவறைச் செய்தால் இது நடக்காது.

கேள்வி: இரண்டாம் பத்தி முக்கியமாக எதைப் பற்றியது? தெரிவுகள் நான்கு. மதிப்பிடும் முறைகள், அந்த விளைவின் அடிப்படைத் தர்க்கம், மக்கள் தவறு செய்வதற்கான காரணங்கள், கால்ட்டன் சோதனையின் வடிவமைப்பு.

முக்கியச் சொல்லைத் தேடிப் போகிற கண்ணுக்கு அந்தப் பத்தியில் ‘தவறு’ என்ற சொல்தான் திரும்பத் திரும்பத் தட்டுப்படும். ஆகவே மூன்றாவது தெரிவு கையைப் பிடித்து இழுக்கும். ஆனால் மக்கள் ஏன் தவறு செய்கிறார்கள் என்று அந்தப் பத்தி எங்கேயும் சொல்லவில்லை. தவறுகள் இருந்தும் சராசரி ஏன் சரியாக வருகிறது என்றுதான் சொல்கிறது. விடை இரண்டாவது தெரிவு. அதைக் கண்டுபிடிக்க எந்தச் சொல்லும் உதவாது. பத்தியை முழுக்கப் படித்து, இது எதற்காகச் சொல்லப்படுகிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல கேள்வி. வாசகர் செய்ய வேண்டியதைத்தான் அது கேட்கிறது. பயிற்சித்தாளின் குறுக்குவழி தெரிந்த ஒருவர்தான் இந்தக் கேள்வியைத் தயாரித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆண்டு அந்தத் தாள் நடந்தது குவாங்டொங், ஜியாங்சு, ஷாண்டொங், ஹெபெய், செஜியாங் உள்ளிட்ட எட்டு மாகாணங்களில். ஒரே தொகுப்பு நூல்கள், ஒரே வகைப் பிரிப்பு, ஒரே முறை என்று பயின்று வந்த லட்சக்கணக்கானோர் அன்று ஒரே நேரத்தில் அந்தப் பத்தியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வாசிப்பு முறையைப் புகட்டினால் எல்லாரும் ஒரே இடத்தில் சறுக்குவார்கள் என்பதற்கான விளக்கம் கால்ட்டன் பத்தியிலேயே இருந்தது.

இந்த இழுபறி எப்படித் தொடங்கியது என்று பார்க்க 1977க்குப் போக வேண்டும். கலாச்சாரப் புரட்சியில் நின்றுபோன காவ்காவ் அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் மீண்டும் நடந்தது. சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு. அப்போது அந்நிய மொழித் துறைகளுக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் அந்நிய மொழித் தேர்வு. பத்தாண்டு காலம் ஆங்கிலம் படிப்பதே சந்தேகத்துக்கு இடமான காரியமாக இருந்த நாட்டில், மதிப்பெண்ணை ஒரேயடியாகச் சேர்ப்பது நியாயமாக இருந்திருக்காது. ஆகவே படிப்படியாகச் சேர்த்தார்கள். முக்கியப் பல்கலைக்கழகங்களுக்கு 1979இல் அந்நிய மொழி மதிப்பெண்ணில் 10 சதவீதம் கணக்கில் வந்தது, 1980இல் 30, 1981இல் 50, 1982இல் 70, 1983இல் முழுவதும். பின்னாளில் நியூ ஓரியண்டல் என்ற பெரும் பயிற்சி நிறுவனத்தை 1993இல் தொடங்கிய யு மின்ஹொங், ஜியாங்சு மாகாணத்துக் கிராமத்துப் பிள்ளை. முதல் முயற்சியில் ஆங்கிலத்தில் 33 மதிப்பெண்தான் எடுத்தார். மூன்றாம் முயற்சியில், 1980இல், பீகிங் பல்கலைக்கழகத்தில் நுழைந்தார். ஒரு பாடம் வாழ்க்கையைத் திறக்கும், மூடும் என்பதை அந்தத் தலைமுறை நேரில் பார்த்தது.

1980களின் நடுவில் குவாங்சோ அந்நிய மொழி நிறுவனத்தைச் சேர்ந்த குய் ஷிசுன், லி ஷியாவ்ஜு ஆகியோர் புது மாதிரித் தேர்வு ஒன்றை வடிவமைத்தார்கள். 1985இல் குவாங்டொங் மாகாணத்தில் அது சோதனையாகத் தொடங்கியது. பிறகு நாடு முழுவதும் பரவியது. அதுவரை ஆங்கில வகுப்பு என்றால் இலக்கண விதிகளும் மொழிபெயர்ப்பும்தான். பாடநூலில் ஒரு பாடத்தை எடுத்து வாரக்கணக்கில் சொல்லுக்குச் சொல் பிரித்துப் படிப்பார்கள். புதுத் தேர்வு, முன்பின் பார்த்திராத உரைகளைக் கொடுத்துப் புரிகிறதா என்று கேட்டது. நோக்கத்தை அவர்கள் மறைக்கவில்லை: பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினால் மாறாது, தேர்வை மாற்றினால் பாடம் நடத்தும் விதம் மாறும். தேர்வு கற்பித்தலின் மேல் செலுத்தும் இந்தத் தாக்கத்தை மொழிச் சோதனை ஆய்வாளர்கள் ஒரு தனித் துறையாகவே படிக்கிறார்கள். 1990இல் லி ஷியாவ்ஜு எழுதிய ஆய்வுக் கட்டுரை நம்பிக்கையோடு பேசியது. பாடநூலைத் தாண்டிப் படிப்பது, வகுப்புக்கு வெளியே ஆங்கிலம் கேட்பது எல்லாம் தொடங்கிவிட்டது என்று அதில் பதிவு செய்தார்.

பதினைந்து ஆண்டு கழித்து வேறோர் ஆய்வாளர், சி லுஷியா, அதே கேள்வியை மறுபடி கையில் எடுத்தார். வினாத்தாள் தயாரிப்பவர்கள், கல்வி ஆய்வாளர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் என்று எல்லாத் தரப்பையும் கேட்டு, வகுப்புகளையும் கவனித்து அவர் 2005இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. தேர்வுக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறீர்கள். ஒன்று மாணவர்களைத் தரம் பிரிப்பது, இன்னொன்று கற்பித்தலை மாற்றுவது. முதல் வேலை இரண்டாவதை விழுங்கிவிடுகிறது என்றார். மதிப்பெண் இவ்வளவு முக்கியமாக இருக்கும்போது ஆசிரியர் மொழியின் பயனைப் பார்க்க மாட்டார். தேர்வின் வடிவத்தைத்தான் பார்ப்பார். இந்த ஆய்வுத் துறையில் நான் படித்தவற்றில் இவ்வளவு நேர்மையாகச் சிக்கலைச் சொன்னது வேறில்லை. யார் மேலும் பழி போடாமல், எல்லாரும் தங்கள் தங்கள் இடத்திலிருந்து சரியாகவே நடந்துகொண்டும் விளைவு ஏன் கெடுகிறது என்று அது காட்டியது.

ஹெபெய் மாகாணத்தின் ஹெங்சுய் நகரத்துப் பெயரில் ஓர் ஆங்கிலக் கையெழுத்து பாணி இருக்கிறது. அச்செழுத்தைப் போலவே உருண்டையாக, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில். விடைத்தாளை ஸ்கேன் செய்து கணினித் திரையில் திருத்துகிறார்கள். சில நொடிகளில் மதிப்பெண் இடும் ஆசிரியரின் கண்ணுக்கு அது இதமாக இருக்கும் என்று பள்ளிகள் மணிக்கணக்கில் அந்த எழுத்தைப் பழக்குகின்றன. சி லுஷியா சொன்ன விழுங்குதல் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் வினாத்தாள் தயாரிப்பவர்கள் சளைக்கவில்லை. குவாங்டொங் அந்நிய மொழிப் பல்கலைக்கழகத்தின் வாங் சுமிங் ஒரு கருத்தை வளர்த்தெடுத்தார்: அந்நிய மொழியில் ஒரு கதையைப் பாதிவரை படித்துவிட்டு, மீதியைத் தன் சொற்களில் தொடர்ந்து எழுதினால் படித்த நடையும் சொல்லும் எழுத்தில் இறங்கும், வாசிப்பும் எழுத்தும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளரும். 2016 அக்டோபரில் செஜியாங் மாகாணம் இதைத் தேர்வில் சேர்த்தது. சுமார் 350 சொற்களில் ஒரு கதை; அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியங்கள் தரப்பட்டிருக்கும்; அங்கிருந்து மாணவர் 150 சொற்கள் அளவில் தொடர வேண்டும். இன்று புதிய பாடத்திட்டத் தாள்களில் இதற்கு 25 மதிப்பெண். கதையில் யாருக்கு என்ன வேண்டும், ஏன் கோபப்பட்டார்கள், எந்தச் சிறு பொருள் பின்னால் பயன்படப் போகிறது என்று கவனித்துப் படிக்காதவர் இதை எழுத முடியாது. முக்கியச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற வாசிப்புக்கு இங்கே வழியே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பயம், மகிழ்ச்சி, வெட்கம், நன்றி என்று உணர்ச்சிவாரியாக ஆயத்த வாக்கியங்களின் தொகுப்புகள் வந்தன. கண்ணில் நீர் திரண்டது, நெஞ்சு படபடத்தது, சூரிய ஒளி சன்னல் வழியே விழுந்தது என்று மனப்பாடம் செய்துகொண்டு போய் எந்தக் கதையின் நுனியிலும் ஒட்டலாம். முடிவில் எல்லாரும் கட்டியணைத்துக் கண்ணீர் விடுவார்கள்.

இதே செஜியாங்கில் 2018 நவம்பரில் நடந்தது, இந்தத் தேர்வு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைக் காட்டியது. அங்கே ஆங்கிலத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை; இரண்டில் எது அதிகமோ அது கணக்கு. அந்த நவம்பர்த் தாள் முந்தைய ஆண்டைவிடக் கடினமாகிவிட்டது என்று கருதிய மாகாணத் தேர்வு அமைப்பு, வாசிப்பு, மொழிப் பயன்பாட்டுப் பகுதிகளின் சில கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருத்திப் பெருக்கியது. முடிவு வந்ததும் பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள். மாகாண ஆளுநர் தலைமையில் விசாரணை நடந்தது. டிசம்பரில், அந்த முடிவு தவறு என்று அறிவித்து, பெருக்கிய மதிப்பெண்ணை ரத்துசெய்து, மூல மதிப்பெண்ணையே திரும்பக் கொடுத்தார்கள். மாகாணக் கல்வித் துறையின் தலைவர் பதவி இழந்தார். கடினத்தைச் சமன்செய்வது தேர்வியலில் எங்கும் உள்ள நடைமுறைதான். ஆனால் தவறிய ஒவ்வொரு வாசிப்புக் கேள்வியையும் வெட்டி ஒட்டி ஓர் ஆண்டு உழைத்த குடும்பத்துக்கு, ஒரு கேள்வியின் எடை பின்னால் மாற்றப்பட்டது நம்பிக்கைத் துரோகமாகவே பட்டது. அவர்கள் கோபம் எனக்கு முழுக்க விளங்குகிறது.

இப்போது சொல்லறிவுக்கு வருவோம். பயிற்சியின் எல்லை எண்களில் தெரிவது இங்கேதான். காவ்காவ் மாணவர்கள் நீண்ட காலம் மனப்பாடம் செய்த பட்டியலில் சுமார் 3,500 சொற்கள். ஓர் உரையை அகராதி இல்லாமல், யார் உதவியும் இல்லாமல் நன்றாகப் புரிந்துகொள்ள அதில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹு, நேஷன் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. 300 சொல் உரையில் ஆறு சொற்களுக்கு மேல் தெரியாவிட்டால் புரிதல் ஆட்டம் காணத் தொடங்கும். காவ்காவ் உரைகள் இந்த அளவுக்குள் அடங்கும்படி வெட்டித் தைக்கப்பட்டவை. பட்டியலைத் தாண்டிய சொல் வந்தால் அடைப்புக்குறிக்குள் சீன மொழியில் பொருள் தந்துவிடுகிறார்கள். வெட்டாத, தைக்காத நாவலும் செய்தித்தாளும் 98 சதவீதம் புரிய, பால் நேஷன் 2006இல் கணக்கிட்டபடி, 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. தேர்வில் 140 எடுத்த மாணவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பாடநூலைத் திறந்து திகைத்து நிற்பதற்குக் காரணம் அவருடைய சோம்பலோ தேர்வின் பொய்யோ இல்லை. தேர்வு உரைக்கும் அந்தப் பாடநூலுக்கும் நடுவே சுமார் ஐந்தாயிரம் சொற்குடும்பங்கள் இருக்கின்றன. பட்டியல் போட்டு அவற்றை மனப்பாடம் செய்து முடிக்க முடியாது. ஒரு சொல்லைப் பல இடங்களில், பல சூழல்களில் சந்தித்துச் சந்தித்துத்தான் அது நம்முடையதாகிறது. அதற்கு ஏராளமாகப் படிக்க வேண்டும்.

பயிற்சித்தாளில் அந்த ஏராளம் இல்லை. ஒரு முழுத் தேர்வின் நான்கு உரைப்பகுதிகளையும் சேர்த்தால் 1,200, 1,300 சொற்கள் தேறும். ஒரு மாணவர் அதை முப்பத்தைந்து நிமிடத்தில் முடித்து, விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, தவறை நோட்டில் ஒட்டி, விளக்கம் கேட்டு முடிப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அந்த உரையை யாரும் மறுபடி படிப்பதில்லை. ஒவ்வோர் உரையும் புது உலகம், புதுச் சொற்கள், 300 சொல்லில் முடிந்துபோகும். ஒரே எழுத்தாளரோடு, ஒரே கதையோடு நாலு நாள் இருக்கும் அனுபவம் இதில் கிடைப்பதில்லை. சொல்லாததை ஊகிக்கும் திறன் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது: இந்த மனிதர் போன அத்தியாயத்தில் இப்படிச் சொன்னாரே, இப்போது ஏன் மௌனமாக இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளும் இடத்தில்.

ஏராளமான வாசிப்பு என்ன செய்யும் என்பதற்கு பிஜித் தீவுகளில் எல்லியும் மங்குபாயும் நடத்திய ஆய்வு இன்னமும் கண்ணைத் திறக்கிறது. புத்தகமே அபூர்வமான எட்டுக் கிராமப் பள்ளிகளுக்கு, ஆங்கிலம் தாய்மொழியில்லாத பிள்ளைகளுக்கு, சுமார் 250 கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் படிக்க விட்டார்கள். வழக்கமான பயிற்சி முறையில் படித்த பள்ளிகளோடு ஒப்பிட்டபோது, எட்டு மாதத்தில் இந்தப் பிள்ளைகளின் வாசிப்பும் கேட்டுப் புரிதலும் இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தன. இரண்டாம் ஆண்டில் வேறுபாடு இன்னும் கூடியது. எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் பரவியது. 1983இல் முடிவு வெளியானது. அந்தப் பிள்ளைகளுக்குப் பத்து வயது, காவ்காவ் மாணவருக்குப் பதினெட்டு. அந்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் திசை தெளிவு.

பயிற்சித்தாளின் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. ஷாங்காயில் நடுத்தர வர்க்கக் குடும்பத்துப் பிள்ளை ஆறு வயதிலேயே ஆங்கிலப் படக்கதை படிக்கிறது. கன்சு மாகாணத்தில் ஒரு மாவட்டப் பள்ளி மாணவருக்கு வகுப்பில் கேட்பதைத் தவிர ஆங்கிலம் இல்லை. ஐம்பது, அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் நூல் தேடிக் கொடுக்க முடியாது. பயிற்சித்தாளுக்குச் செலவு குறைவு. நகல் எடுத்தால் போதும். எல்லாருக்கும் ஒன்றாகக் கிடைக்கும். விடைக்குறிப்போடு வருவதால், ஆங்கிலம் சரளமாகப் பேசத் தெரியாத ஆசிரியரும் அதைக் கற்பிக்கலாம். 2021 ஜூலையில் அரசு லாப நோக்கப் பாடப் பயிற்சி நிறுவனங்களை அடக்கியபோது, வசதியுள்ளவர்கள் வீட்டுக்கே ஆசிரியரை வரவழைத்தார்கள். மாவட்டப் பள்ளிக்கு மிஞ்சியது மறுபடியும் அதே தாள்தான். 2013இல் பீஜிங் நகரம் ஆங்கிலத்தின் மதிப்பெண்ணை 150இலிருந்து 100 ஆகக் குறைக்கும் வரைவை வெளியிட்டது, அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தாலும் இந்தச் சமமின்மை குறைந்திருக்காது. ஆங்கிலம் தேர்வில் சுருங்கினால் கிராமத்துப் பள்ளியில் அது முதலில் சுருங்கும். நகரத்து வீட்டில் அப்படியே இருக்கும்.

ஆகவே தாளைத் தூக்கி எறியச் சொல்ல நான் துணிய மாட்டேன். கணக்கு ஒன்றை மட்டும் முன்வைக்கலாம். நிமிடத்துக்கு நூறு சொற்கள் என்ற மெதுவான வேகத்தில், எளிமையாக்கப்பட்ட ஆங்கில நூல் ஒன்றை நாளுக்கு இருபது நிமிடம் படித்தால் 2,000 சொற்கள். பள்ளி ஆண்டில் இருநூறு நாள் என்றால் நான்கு லட்சம். முந்நூறு முழுத் தேர்வுகளின் உரைப்பகுதிகளுக்கும் மேல் அது. எந்த மாணவரும் ஓர் ஆண்டில் அத்தனை தாள்களை எழுத முடியாது. மேனிலைப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளில், மாதிரித் தேர்வுகள் தொடங்கும் முன்பே, இதைச் செய்துவிட்டால் மூன்றாம் ஆண்டின் தாள் பயிற்சி தேர்வின் வடிவத்தைப் பழக மட்டும் பயன்பட்டால் போதும். இதற்கு வேண்டியது வகுப்புக்கு நூறு மெல்லிய நூல்கள். பணம் பெரிய தடை இல்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. இருபது நிமிட வாசிப்பின் பலன் நாலைந்து மாதம் கழித்துத்தான் மதிப்பெண்ணில் தெரியும். மாதத் தேர்வின் தரவரிசைப் பட்டியல் முப்பது நாளில் வந்துவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் அந்த இருபது நிமிடத்திலும் தாள் போட்டால் முதல் இரண்டு மாதம் அவர் வகுப்புதான் முன்னால் நிற்கும். பள்ளித் தலைமை அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஆசிரியரை எடை போடுகிறது. பெற்றோர் அதை வைத்துத்தான் கேள்வி கேட்கிறார்கள். வாங் சுமிங்கும் குய் ஷிசுனும் கைவைத்தது ஜூன் மாதத் தேர்வில். மாதாமாதம் ஒட்டப்படும் இந்தப் பட்டியலில் யாரும் கைவைக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது ஆங்கிலத்தை அந்தப் பட்டியலிலிருந்து விலக்கி வைக்க ஒரு மாகாணக் கல்வித் துறையால் முடியும். அதற்கு காவ்காவ் தாளில் ஒரு கேள்வியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.